கரிக்குழியில் அகப்பட்டவர்கள்

காஞ்சீபுரத்தில் குழி என்று சொன்னால் தறிக்குழி ஒன்றுதான் நினைவுக்கு வரும். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில், குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பட்டு நெய்யும் நெசவாளரை நாம் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்தக் குழியில் உட்கார்ந்தவர் சாயங்காலம் எழுந்து திண்ணைக்கு வருவதில் யாருக்கும் சந்தேகம் தோன்றுவதில்லை. காலையில் பூமிக்குள் இறங்கியவன் மாலையில் மேலே வருவானோ மாட்டானோ என்று ஒரு குடும்பம் தினந்தோறும் காத்திருக்கும் ஊர்களும் இத்தேசத்தில் உண்டு. அவற்றின் நிலை நம் ஊராருக்கு எளிதில் மனத்தில் படுவதில்லை.

ஆயினும் கரி வெட்டும் பிரதேசங்களுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லாமற் போகவில்லை. ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டிய கரி ரயிலேறி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூரில் வந்து இறங்குகிறது. வடசென்னை மின்நிலையத்தின் கொதிகலனில் அது எரிந்தால்தான் நம் தறிவீடுகளில் விளக்கு எரியும்.

2023-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 12-ந் தேதி, தீபாவளி நாளன்று, உத்தராகண்டத்தில் சில்க்யாரா என்னும் இடத்தில் சாலைக்காகக் குடைந்துகொண்டிருந்த சுரங்கப்பாதை இடிந்து, 41 தொழிலாளிகள் உள்ளே அகப்பட்டார்கள். பதினேழு நாள் தேசமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அந்த நாட்களில் டீக்கடையிலும் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று: “ஆகஸ்டு மாதத்தில்தானே சந்திரனில் கலத்தை இறக்கினோம்? அத்தகைய தேசத்துக்கு அறுபது மீட்டர் மண்ணைக் குடையத் தெரியவில்லையா?”

நியாயமான கேள்விதான். ஆனால் சந்திரனுக்குப் போகும் வழியில் இடிந்து விழுவதற்கு ஒன்றும் இல்லை. பூமிக்குள் போகும் வழியிலோ, நாம் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் அங்கே உள்ளவற்றைக் கலைக்கிறது. காப்பாற்றப் போகும் முயற்சியே அகப்பட்டவனுக்கு எமனாகிவிடக் கூடும். தமிழ்நாட்டார் இதை ஒரு முறை கண்ணாரக் கண்டிருக்கிறோம். 2019-ஆம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி, மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டது. முதலில் முப்பதடிக்குள் தங்கியிருந்த குழந்தை, மீட்புப் பணி நடந்துகொண்டிருக்கும்போதே நழுவி எண்பதடிக்குக் கீழே போய்விட்டது. பக்கத்தில் இணையாக ஒரு குழி தோண்டினார்கள். அடியில் கெட்டிப் பாறை குறுக்கிட்டது. பெரிய யந்திரங்களும் அதன் முன் திணறின. அந்த வருஷம் எத்தனையோ வீடுகளில் தீபாவளிப் பட்டாசு வெடிக்கவில்லை. 29-ந் தேதி விடியுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு குழந்தை, எண்பதடி, கீழே இருக்குமிடமும் திட்டமாய்த் தெரியும். அப்படியிருந்தும் முடியவில்லை. இனி கரிச் சுரங்கத்தை எண்ணிப் பாருங்கள். முந்நூறு அடி, அறுநூறு அடி ஆழம்; இருட்டில் மைல் கணக்கில் கிளைக்கும் வழிகள்; உள்ளே நூறு இருநூறு பேர்; யார் எந்த முடுக்கில் இருக்கிறார்கள் என்பது மேலே நிற்பவனுக்குத் தெரியாது.

தமிழர்களுக்குச் சுரங்கத் தொழில் புதிதன்று. கோலார் தங்கவயல் 2001-ஆம் வருஷம் மூடப்படும்வரை, நூறாண்டுக்கு மேலாக அங்கே இறங்கி உழைத்தவர்களில் பெரும் பகுதியார் வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து போனவர்கள்தாம். அங்கே பயம் ஆழத்தினால் வந்தது. அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். கரிச் சுரங்கத்தின் சத்துருக்கள் வேறு. கரியின் இடுக்குகளில் மீத்தேன் வாயு ஒளிந்திருக்கிறது. காற்றில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு முதல் பதினைந்து பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும். வெடித்த பிறகு மிஞ்சுவது கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுவாசித்தவன் தூக்கம் வருகிறதென்று உட்காருவான், எழுந்திருக்கமாட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து தேசத்து விஞ்ஞானி, சிறு பறவைகள் இவ்விஷத்துக்கு மனிதனைவிட விரைவில் மயங்கும் என்று கண்டு சொன்னார். அதுமுதல் மீட்புக்குப் போவோர் கையில் ஒரு கூண்டும் அதில் ஒரு மஞ்சள் கானரிக் குருவியும் இருக்கும். பிரிட்டனில் இந்த வழக்கம் 1986-ஆம் வருஷம் வரையில் நீடித்தது. இன்று குருவிக்குப் பதில் கையடக்கமான கருவி வந்திருக்கிறது. முதுகில் பிராணவாயுப் பெட்டியும் உண்டு; பதினைந்து கிலோ அளவு கனம், நான்கு மணி நேரம் தாங்கும். இந்த நான்கு மணியில் பெரும் பங்கைத் திரும்பி வருவதற்கென்று ஒதுக்கி வைத்துவிட வேண்டும். இன்னும் நூறு கஜம் போனால் ஓர் உயிரைக் கண்டுவிடலாம் என்று தோன்றினாலும், கணக்கு முடிந்த இடத்தில் திரும்பியாக வேண்டும்.

இந்தத் திரும்பும் கணக்குத்தான் வெளியே நிற்கும் உறவினருக்குச் சகிக்க முடியாதது. 2010-ஆம் வருஷம் நவம்பர் 19-ந் தேதி நியூஸிலாந்து தேசத்தில் பைக் ரிவர் என்ற கரிச் சுரங்கம் வெடித்தது. உள்ளே 29 பேர். மீட்புப் படை வாயிலிலேயே தயாராக நின்றது. உள்ளிருக்கும் வாயுவின் நிலை தெரியாததால் அனுமதி கிடைக்கவில்லை. “எங்கள் பிள்ளைகள் உள்ளே சாகிறார்கள், நீங்கள் வெளியே நிற்கிறீர்களே” என்று பெற்றோர் கதறினால் அவர்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? ஐந்தாம் நாள், 24-ந் தேதி, சுரங்கம் இரண்டாம் முறையும் வெடித்தது. படை உள்ளே போயிருந்தால் அவர்களும் அங்கேயே மாண்டிருப்பார்கள். 2007-ஆம் வருஷம் அமெரிக்காவில் யூட்டா மாகாணத்துக் கிராண்டல் கான்யன் சுரங்கத்தில் அப்படித்தான் நடந்தது. ஆறு பேர் அகப்பட்டார்கள். பத்தாம் நாள், அவர்களை நோக்கி வழி வெட்டிக்கொண்டிருந்தவர்கள்மீது சுவர் வெடித்து விழுந்து மூவர் இறந்தார்கள். அகப்பட்ட அறுவரின் உடலும் இன்றுவரை கிடைக்கவில்லை.

வாயுவைவிட நம் தேசத்தில் அதிகம் பேரை ஒரே வீச்சில் வாரிக்கொண்டு போனது நீர். 1975-ஆம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி தன்பாத் அருகே சாஸ்னாலாவில், தேங்கியிருந்த நீர் சுரங்கத்தின் தலைமேல் இடிந்து இறங்கியது. ஏறக்குறைய 375 பேர். நீரை இறைக்க யந்திரங்கள் வந்து சேர்ந்து, மட்டம் இறங்கி, உடல்களை எடுப்பதற்கு வாரங்கள் ஆயின. பிழைத்து மீண்டவர் ஒருவரும் இல்லை.

இனி நாம் சொல்லப் போகிற ராணிகஞ்சுக் கதை இதற்கு மாறானது. அதை நம் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

வங்காளத்து ராணிகஞ்சுதான் பாரதத்தில் முதன்முதலாகக் கரி வெட்டிய இடம். 1774-இல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஸம்னர், ஹீட்லி என்ற இருவர் ஆரம்பித்தார்கள். 1836-இல் அந்தச் சுரங்கத்தை வாங்கியவர் மகாகவி ரவீந்திரநாதரின் பாட்டனார் துவாரகாநாத டாகூர். இவ்வாறு இரண்டு நூற்றாண்டுக் காலம் எத்தனையோ முதலாளிகள் வெட்டிக் கரியை எடுத்துக்கொண்டு பள்ளத்தை விட்டுப் போனார்கள். கைவிட்ட பள்ளங்களில் மழைநீர் நிறைந்து பூமிக்குள்ளே ஏரிகளாய் நிற்கிறது. எந்த ஏரி எங்கே முடிகிறது என்று காட்டும் வரைபடம் சிலவற்றுக்கு இல்லை. இருக்கிற சிலவும் நம்பத்தக்கவை அல்ல. கரியை எடுத்தவர்களுக்கு லாபக் கணக்கு எழுதுவதில் இருந்த சிரத்தை படம் வரைவதில் இருக்கவில்லை போலும்!

1989-ஆம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி, அரசாங்கத்துக்குச் சொந்தமான ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் மகாவீர் சுரங்கத்தில் இத்தகைய பழைய நீர் உள்ளே புகுந்தது. அப்போது கீழே இருநூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கூண்டுக்கு அருகில் இருந்தவர்கள் மேலே ஏறித் தப்பினார்கள். 71 பேருக்கு வழி அடைபட்டது. அவர்களில் ஆறு பேர் மூழ்கிப் போனார்கள். மிச்சம் 65 பேர், சுரங்கத்துக்குள்ளேயே சற்று மேடான ஓர் இடத்தில் ஒதுங்கினார்கள். நீர் ஏறிக்கொண்டிருந்தது.

ஜஸ்வந்த் சிங் கில் அந்த நிறுவனத்தின் மூத்த எஞ்சினீயர்களில் ஒருவர், பஞ்சாபியர், தன்பாத் சுரங்கக் கல்லூரியில் படித்தவர். நீரை இறைத்து முடிப்பதற்குள் ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. ஆட்கள் ஒதுங்கியிருக்கக் கூடிய மேட்டுக்கு நேர்மேலே நிலத்தில் துளையிட்டு, அதன் வழியே ஒவ்வொருவராக மேலே தூக்கிவிடுவது என்பது அவருடைய யோசனை.

கேட்பதற்கு எளிது. தலைக்கு மேல் முந்நூறு அடிக்கும் அதிகமான பாறை. துளை போடும்போது அது ஒரு சாண் சாய்ந்தாலும் கீழே போகப் போக எங்கோ கரித்தூணுக்குள் போய் முட்டும். நீர் ஏறுகிற மேட்டில் காற்று அடைபட்டு அழுந்தி நிற்கும் இடங்களும் உண்டு. அங்கே கண்மூடித்தனமாகத் துளையிட்டால் காற்று வெளியேறி, நீர் குபீரென்று மேலெழும்பி, காப்பாற்றப் போனவர்களே மூழ்கடித்ததாக முடியும். 2002-ஆம் வருஷம் ஜூலையில் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்துக் குவீக்ரீக் சுரங்கத்தில், பக்கத்திலிருந்த கைவிட்ட சுரங்கத்தின் நீர் பாய்ந்து ஒன்பது பேர் அகப்பட்டபோது இந்தச் சங்கடம் நேர்ந்தது. முதலில் போட்ட ஆறு அங்குலத் துளையின் வழியாகச் சூடான காற்றை அழுத்தத்துடன் ஓயாமல் செலுத்தி நீரைத் தள்ளி நிறுத்திவைத்தார்கள். பெரிய துளை பாதியில் இருக்கையில் துரப்பணத்தின் அலகு உடைந்து உள்ளே சிக்கிக்கொண்டது. அதை வெளியே எடுக்க அநேக மணி நேரம் வீணாயிற்று. ஆயினும் ஒன்பது பேரும் பிழைத்தார்கள். பணமும் யந்திரமும் மலிந்த அமெரிக்காவிலும் காரணம் பழைய படத்தின் பிழைதான்.

ராணிகஞ்சுக்குத் திரும்புவோம். மெல்லிய துளை கீழே போய்ச் சேர்ந்தது; ஆட்கள் உயிருடன் இருப்பது தெரிந்தது. அதன் வழியே உணவும் நீரும் இறக்கப்பட்டன. அடுத்து ஆள் வருவதற்கான துளை. அகலம் 22 அங்குலம். நம் வீட்டுச் சாப்பாட்டு இலையின் நீளம்கூடத் தேறாது. அந்தத் துளைக்குள் இறங்கி ஏறுவதற்கென்று ஓர் ஆள் நிற்கத்தக்க எஃகுக் கூண்டு ஒன்றை அருகிலுள்ள பட்டறையிலேயே செய்தார்கள். வெளிதேசத்து நிபுணர் வரவில்லை. கப்பலில் யந்திரம் வரவில்லை. உள்ளூர் இரும்பு, உள்ளூர்க் கொல்லர் கை. கதர்க் காலத்துப் பெரியவர்கள் இருந்திருந்தால் இதைக் கேட்டுப் பூரித்திருப்பார்கள்.

கூண்டு தயார். அதில் கீழே போகிறவர் யார்? வெறுங்கூண்டை இறக்கினால் என்ன என்று சிலர் நினைக்கலாம். மூன்று நாள் இருட்டில், கழுத்தளவு பயத்தில் கிடந்த 65 பேர். ஒருவர் மட்டும் நிற்கும் கூண்டு. முதலில் ஏறுவது யார் என்ற கேள்விக்கு அங்கே ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். சொல்கிறவர் தாமே கடைசியாக ஏறுகிறவராக இருந்தாலொழிய அந்தப் பதிலை யாரும் கேட்கமாட்டார்கள். இது கில்லுக்குத் தெரிந்திருந்தது. பதவியிலும் வயதிலும் மூத்தவர், குடும்பஸ்தர்; அவர் இறங்க வேண்டியதில்லை என்று சொல்ல ஆயிரம் காரணங்கள் இருந்தன. நவம்பர் 16-ந் தேதி விடியுமுன், ஏறத்தாழ இரண்டரை மணிக்கு, அவர் கூண்டுக்குள் நின்றார்.

கீழே போனதும் காயமுற்றவர்களை முதலில் அனுப்பினார். பிறகு ஒருவர் பின் ஒருவராக மற்றவர்கள். காலை எட்டரை மணிக்கு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஆறு மணி நேரத்தில் 65 பேர். வகுத்துப் பார்த்தால் ஓர் ஆளுக்கு ஐந்தரை நிமிஷம். ஒவ்வொரு ஐந்தரை நிமிஷமும், இந்தத் துளை இடியுமோ, கூண்டு சிக்குமோ, நீர் ஏறுமோ என்ற எண்ணத்தோடு கீழே நின்றவர் அவர். கடைசியாக அவர் வந்தார்.

1991-இல் அவருக்கு ஸர்வோத்தம ஜீவன் ரக்ஷா பதக்கத்தை வழங்கிய ராஷ்டிரபதி நம் தஞ்சை ஜில்லாக்காரரான ஆர். வெங்கடராமன். 2019-ஆம் வருஷம் நவம்பரில் கில் காலமானார். 2023-இல் இவர் கதையை ஹிந்தியில் சினிமாவாக எடுத்தார்கள்; நம் பக்கத்தில் பலருக்கு அதன் மூலமாகத்தான் அவர் பெயரே தெரியும். கிரிக்கெட் ஆட்டக்காரரின் ஓட்டக் கணக்கை முப்பது வருஷத்துக்குத் தலைகீழாய் ஒப்பிக்கும் மாணவர்களை நாம் அறிவோம். பேர் சொன்னவுடன் கில்லைத் தெரிந்துகொண்ட மாணவன் ஒருவனைக்கூட நம் வகுப்பில் இதுவரை காணவில்லை. மாணவர்கள் பேரில் தப்பு இல்லை.

மீட்போருக்கு வரும் இன்னொரு சோதனை, எப்போது நிறுத்துவது என்பது. 1906-ஆம் வருஷம் மார்ச்சு 10-ந் தேதி பிரான்ஸ் தேசத்தில் கூரியேர் சுரங்கம் வெடித்து 1,099 பேர் மாண்டார்கள். ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் அப்போது பகை. ஆனாலும் வெஸ்ட்பேலியாவிலிருந்து ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகள் சுவாசக் கருவிகளோடு எல்லை தாண்டி வந்து உதவினார்கள். இனி உயிரோடு யாரும் இருக்க முடியாது என்று சில நாட்களில் தேடுதலைக் கைவிட்டார்கள். மார்ச்சு 30-ந் தேதி, இருபதாம் நாள், பதின்மூன்று பேர் தாமாக வழி தேடி வெளியே நடந்து வந்தார்கள்! ஏப்ரல் 4-ந் தேதி இன்னொருவர் கிடைத்தார். கைவிட்டு விட்டார்களே என்று ஊரே கொதித்து எழுந்தது. அன்றுமுதல், நிறுத்தலாம் என்று உத்தரவு கொடுக்கும் அதிகாரி எவருக்கும் அந்தப் பதின்மூன்று பேர் கண்முன் நிற்பார்கள்.

சில்க்யாராவில் நிறுத்துவது என்ற பேச்சே எழவில்லை. அமெரிக்காவில் செய்த துரப்பண யந்திரம் இடிபாட்டில் மூன்றடிக்கும் குறைவான அகலமுள்ள குழாயைச் செலுத்திக்கொண்டு போய், இன்னும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கையில் இரும்புக் கம்பியில் சிக்கி உடைந்தது. பிறகு அழைக்கப்பட்டவர்கள் எலி வளைத் தொழிலாளிகள். குப்புறப் படுத்துத் தவழ்ந்து, கையால் கொத்தி, மண்ணை அள்ளிப் பின்னால் தள்ளுவது அவர்கள் வேலை. யந்திரம் தோற்ற தூரத்தை அவர்கள் ஏறத்தாழ ஒரே நாளில் முடித்தார்கள். நவம்பர் 28-ந் தேதி 41 பேரும் வெளியே வந்தார்கள்.

இந்த எலி வளை முறை மேகாலயத்தில் கரி எடுப்பதற்காக ஏற்பட்டது. அபாயம் மிகுந்தது என்று 2014-ஆம் வருஷமே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே அதைத் தடுத்துவிட்டது. தடையுத்தரவு காகிதத்தில் இருந்தது. மனிதர்கள் வளையில் இருந்தார்கள். 2018-ஆம் வருஷம் டிசம்பர் 13-ந் தேதி கிழக்கு ஜைந்தியா மலையில் க்ஸான் என்னும் இடத்தில், முந்நூறு அடிக்கும் மேல் ஆழமுள்ள வளைக்குள் நீர் புகுந்தது. வரைபடம் கிடையாது. ராணிகஞ்சில் துளை போட இடம் குறிக்க முடிந்தது. இங்கே எந்த வளை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல ஆள் இல்லை. ஹாஜர்ப் பட்டியலும் கிடையாது. உள்ளே இருந்தவர்கள் 13 என்று முதலில் சொன்னார்கள். பிறகு 15 என்றார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளுக்குக் காலையிலும் மத்தியானத்திலும் பெயர் கூப்பிடுகிற நமக்கு இதைப் படித்தபோது வயிறு கலங்கியது. கடற்படையின் முக்குளிப்பவர்கள் வந்தார்கள். பெரிய பம்புகள் வந்தன. இறைக்க இறைக்க ஊறியது. யாரையும் உயிரோடு எடுக்க முடியவில்லை. 2019 மார்ச்சு மாதத்தில் பணியை நிறுத்தினார்கள்.

சில்க்யாராவில் எலி வளைத் தொழிலாளிகளைத் தேசம் தோளில் தூக்கிக் கொண்டாடியதற்குப் பதின்மூன்று மாதம் கழிந்து, 2025-ஆம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, அஸ்ஸாமில் உம்ராங்ஸோ அருகே மற்றொரு எலி வளையில் நீர் புகுந்தது. ஒன்பது பேர் உள்ளே இருந்தார்கள். அந்த வாரத்தில் நான்கு உடல்கள் கிடைத்தன. மற்ற ஐந்தும் வெளியே வந்தது பிப்ரவரி மாதம் 19-ந் தேதி.